அழுமூஞ்சியில் இரண்டு கிளிப்

காலை எட்டே முக்கால் மணி. பத்தொன்பதாவது நாளாகக் கடுகின் கிளிப் அழுமூஞ்சியில்தான் இருந்தது.

கடுகு மூன்றாம் வகுப்பு. வீட்டில் வைத்த செல்லப் பெயர் அது. ஆள்தான் சின்னது, காரம் குறையாது.

வகுப்புக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அட்டை. அதில் நாலு மூஞ்சி: சிரிப்பு, சாதா, கோபம், அழுகை. ஆளுக்கு ஒரு துணிக் கிளிப், பின்பக்கம் பேர் எழுதியது. காலையில் உள்ளே வரும்போது மனசு எப்படி இருக்கிறதோ அந்த மூஞ்சியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். யார் எதில் என்று டீச்சர் நோட்டில் குறித்துக்கொள்வார்.

அன்றைக்குக் குறித்த கையோடு கடுகின் அப்பாவுக்குப் போன் போட்டார்.

மூன்றரை மணிக்கு வரச் சொன்னால் நாலு மணிக்குத்தான் வந்தார் அப்பா. லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டே, குழந்தைகள் பெஞ்சில் முழங்காலை மடக்கி எப்படியோ உட்கார்ந்தார்.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். ஏழாவது மாடியில ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. கதவு திறக்கிற வரைக்கும் விட்டுட்டு வர முடியாது."

"பரவாயில்லை. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"இல்லையே. நல்லா சாப்பிடுறா, நல்லா வாயாடுறா."

"இங்கயும் அப்படித்தான். கிளிப் மட்டும் தினம் அங்கயே இருக்கு. ஏன்னு கேட்டா 'சும்மா'ங்கிறா. எதையோ மறைக்கிறா."

அப்பா அட்டையைப் பார்த்தார். அழுமூஞ்சியில் இரண்டு கிளிப். மஞ்சள், கடுகுடையது. பக்கத்தில் ஒரு நீலம். நாளைக்கு எந்த அப்பன் தலை உருளப் போகிறதோ என்று நினைத்துக்கொண்டார்.

"எப்ப ஆரம்பிச்சது டீச்சர்?"

"பிப்ரவரி ஆறாம் தேதி."

அப்பா மனசுக்குள் தேதியைக் கணக்குப் பார்த்தார். அந்த வாரம்தான் ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டு எவ்வளவு என்று நாலு தடவை கேட்டு, ஐந்தாவது தடவை புத்தகத்தையே சுவரில் விட்டெறிந்தார். "உங்க தொண்டைக்கு ஒரு பூட்டு வாங்கிட்டு வாங்க" என்று மனைவி அன்றைக்கே சொன்னாள்.

டீச்சர் ஒரு படிவத்தை நீட்டினார். "இதை நிரப்பிக் கையெழுத்துப் போட்டா, வெள்ளிக்கிழமை வர்ற ஆலோசகர் அவகிட்டப் பேசுவாங்க. எதையும் மறைக்காம எழுதுங்க. பிள்ளைங்க மனசு வீட்டுலதான் உடையுது."

'வீட்டுச் சூழல்' என்று ஒரு கட்டம். அப்பா ரொம்ப நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: "அப்பா கத்துவார்."

வராந்தாவில் பென்சில் சீவிக்கொண்டிருந்த கடுகு எப்போது உள்ளே வந்ததோ, தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தது.

"எந்த அப்பா?"

"நான்தான்டா. அன்னிக்குப் புத்தகத்தை வீசினேன்ல... அதுக்குத்தானே தினமும் அழுமூஞ்சி?"

"ஐயே! அதுக்குத்தான் மறுநாள் உன் செருப்பை ஒளிச்சு வச்சேனே. அது அதோட போச்சு."

"அப்ப அந்தச் செருப்பு... சரி, விடு. அப்புறம் ஏன் அழுமூஞ்சி?"

கடுகு டீச்சரைப் பார்த்தது. அப்பாவின் காதில் வாயை வைத்தது. குழந்தை சொல்லும் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"அங்க ஒரு கிளிப் தனியா மாட்டிக்கிட்டு இருக்குப்பா. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா கதவு திறக்கிற வரைக்கும் பக்கத்துலயே இருக்கணும், ஏன் மாட்டினீங்கன்னு மட்டும் கேக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

அப்பா எழுந்து போனார். நீலக் கிளிப்பைத் திருப்பிப் பேரைப் பார்த்தார். கழற்றி மேஜையில் வைத்தார்.

அதில் 'டீச்சர்' என்று இருந்தது.

டீச்சர் அதை ஏதோ தொலைந்துபோன சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"எங்கம்மா இறந்து, லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு மாட்டினது," என்றார். "ஆறாம் தேதி. தினம் இருபத்தெட்டுக் கிளிப்பை எண்ணுறேன். இதை எண்ணவே இல்லை."

கடுகு மேஜையிலிருந்த நீலக் கிளிப்பை எடுத்துக்கொண்டு போய், பழைய இடத்திலேயே மஞ்சளுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு வந்தது.



டீச்சர் படிவத்தை இழுத்து, கடுகின் பேரை அடித்துவிட்டு மேலே தன் பேரை எழுதினார்.

"டீச்சர்," என்று இழுத்தார் அப்பா. "அந்த 'அப்பா கத்துவார்' மட்டும்... அதையும் அடிச்சிடுங்களேன்."

"வேணாம் டீச்சர்," என்றது கடுகு. "அது நிஜம்தான்."

டீச்சர் சிரித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

மார்ச் 24, திங்கட்கிழமை, காலை எட்டே முக்காலுக்கு நீலக் கிளிப் சாதா மூஞ்சிக்கு மாறியது. எட்டு நாற்பத்தாறுக்கு மஞ்சள் கிளிப் சிரிப்புக்குப் போனது.