புறப்படாத வாத்து

"முட்டைகூட நொழையாத அடுக்களை வே இது. இதுல வாத்தைக் கொண்டாந்து கறி வச்சோம்னு சொல்லுகீரே, நாக்கு கூசல?"

தாணப்பன் பிள்ளையின் சத்தம் தெருமுனை வரை கேட்டது. வாசலில் நின்ற முருகதாஸ் கையிலிருந்த போனை மறுபடி நீட்டினான்.

"கறி வச்சதா நான் சொல்லல, அய்யா. வாத்து உங்க வீட்டுல நிக்குன்னுதான் சொல்லுகேன். இந்தப் புள்ளியப் பாருங்க."

முருகதாஸுக்கு வாத்துகள் பின்னால் திரிகிற உத்தியோகம். வடக்கே எங்கோ குளிரில் ஏரியெல்லாம் கல்லாக உறைந்ததும், தின்ன வழியில்லாத ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கான மைல் பறந்து தேரூர்க் குளத்துக்கு வந்துவிடும். பங்குனி வெயில் ஏறினால் திரும்பிப் போய்விடும். போகிற வழியை அறிய, ஏழு வாத்துகளின் முதுகில் ஆளுக்கொரு சின்னக் கருவியைக் கட்டியிருந்தான். வெயில் பட்டால் வேலை செய்து, இருக்கிற இடத்தைப் போனில் புள்ளியாகக் காட்டும் கருவி. ஆறு புள்ளிகள் ஒடிசாவைத் தாண்டிவிட்டன. ஏழாவது மட்டும் பிள்ளைவாள் வீட்டை விட்டு நகரவில்லை.

ஊருக்கு இது போதாதா? சைவ வீட்டில் வாத்துக்கறி என்ற சேதி சாயங்காலத்துக்குள் கோயில் வாசல், ரேஷன் கடை எல்லாம் சுற்றி வந்தது. வார் தளர்ந்து கருவி மட்டும் விழுந்திருக்கலாம், வாத்து போயிருக்கலாம் என்று முருகதாஸ் சொல்லிப் பார்த்தான். யார் கேட்டார்கள்? மிளகு போட்டா, தேங்காய் அரைத்தா என்பதில்தான் எதிர்வீட்டு முத்துக்கனிக்குச் சந்தேகம்.

தாணப்பன் காலண்டரைப் பார்த்தார். மகள் சுபிதாவைப் பெண் பார்க்க, சுசீந்திரத்திலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. வெங்காயத்தையே யோசித்துத் தின்கிறவர்கள். அவர்கள் காதில் விழுந்தால்?

அவரே முருகதாஸைக் கூட்டிப்போய் அடுக்களை, மச்சு, கிணறு, வைக்கோல் போர் எல்லாம் காட்டினார். ஒரு இறகுகூட இல்லை. டெரஸில் புளி காய்ந்துகொண்டிருந்தது. அதைச் சுபிதா கூட்டிப்போய்க் காட்டினாள். அரைமணி நேரம் காட்டினாள். கரண்டி கழுவிக்கூட அறியாத பெண், இந்தப் பங்குனியில் மட்டும் தினமும் புளி காயப்போட ஏறுகிறாளே என்று முத்துக்கனி கேட்டதை யாரும் காதில் வாங்கவில்லை. வாத்துதானே முக்கியம்.

முருகதாஸ் மறுநாளும் வந்தான், அதற்கு மறுநாளும். புள்ளி காலை வெயிலோடு வரும், அந்தியில் அணையும். தாணப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலடித்தால்கூட மோந்து பார்த்தார்.

வியாழக்கிழமை தரகர் போன் செய்தார். ஜாதகத்தில் ஏதோ என்று இழுத்தார். தாணப்பன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அவர் மனைவி அழகியநாயகி அழுதாள். சுபிதாவும் அழுதாள் என்றுதான் சொல்கிறார்கள்.

மறுநாள் முருகதாஸ் வந்ததும் தாணப்பன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தார். 

"இனி எவன் வே எம் மகளைக் கெட்டுவான்? பழியப் போட்டது நீரு. நீரே கெட்டும்."

முருகதாஸ் போனைப் பார்த்தான். சுபிதாவைப் பார்த்தான்.

"சரி, மாமா" என்றான்.

விசாரித்ததில் பையன் தாழக்குடிக்காரன். அந்த வீட்டிலும் முட்டை நுழையாது. வைகாசியில் கல்யாணம். முத்துக்கனி இரண்டு பந்தியில் உட்கார்ந்து, இலையில் வாத்து இல்லை என்று உறுதி செய்துகொண்டாள்.

முருகதாஸுக்கு ஒடிசாவில் ஏரிக்கரை ஆபீசுக்கு மாற்றல் வந்திருந்தது. கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் காலை, நாகர்கோவிலில் மணமக்கள் ரயில் ஏறினார்கள். வெயில் விழுகிற ஜன்னலோர இருக்கையைச் சுபிதா கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அன்றைக்கு ஒடிசா ஆபீசில் கம்ப்யூட்டர் முன் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டு மாதமாக அசையாமல் கிடந்த ஏழாவது வாத்து ஒருவழியாக வடக்கே புறப்பட்டிருந்தது. வள்ளியூரில் இரண்டு நிமிஷம், திருநெல்வேலியில் ஐந்து நிமிஷம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போனது.