நாண் பதியும் பள்ளம்

விடிந்ததும் சடையனின் மைத்துனன் காளனை நிறுத்தி அம்பெய்து கொல்லப் போகிறார்கள். அந்த அம்புக்குத் தண்டு செய்யும் வேலை சடையனுக்கே வந்தது. வேண்டுமென்றே ஒரு கோணல் கம்பை எடுத்துச் சீவி, தணலில் வாட்டி நிமிர்த்தினான். அதிகாரி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“நூல் புடிச்சாப்ல இருக்குய்யா.”

பனி பட்டால் அது பழையபடி வளைந்துவிடும் என்று அவருக்குத் தெரியாது. தண்டின் அடியில் வில்லின் நாண் பதியும் பள்ளம் வெட்டுவது மட்டும் பாக்கி.

“அம்பு எந்தப் பக்கமா வெலகும்?” என்றாள் மனைவி செங்காயி.

“பள்ளத்த நான் வெட்டுற பக்கம்.”

“அண்ணன் கையப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேரு நிப்பாங்களே. யாராம்?”

“வலக்கையில பொம்மன். எடக்கையில மாரன்.”

“பொம்மனுக்கு மூணு புள்ளைங்க.”

சடையன் தண்டைத் திருப்பிப் பிடித்தான்.

“மாரன் நம்ம பொண்ணக் கேட்டு வந்தவன்” என்றாள் செங்காயி.

கத்தி கூராகத்தான் இருந்தது. இருந்தும் அதைத் தீட்ட உட்கார்ந்தான்.