எல்லா வரிகளும் உட்பட

பில் போடும் பெண் இரண்டாம் முறையும் அதையே சொன்னாள். இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது.

விசிறி வாங்க வந்தவள் கையில் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள் இருந்தன. இறுக்கிப் பிடித்ததில் ஈரமாகியிருந்தன.

மேசை மேல் சுவரில் மாட்டும் மின்விசிறி. பெட்டி இன்னும் பிரிக்கப்படவில்லை.

இதே விசிறியைப் போன வாரம் சார் இதே கடையில் வாங்கினார். லிஃப்ட் வரை தூக்கிப் போனவள் அவள்தான். விலை கேட்டாள். ரெண்டாயிரம் என்றார். சார் பொய் சொல்கிறவர் அல்ல. நான்கு வருடமாக அந்த வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள், அவளுக்குத் தெரியாதா?

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் புதுமனை விருந்து ஒன்றில் இரண்டு நாள் அண்டா அண்டாவாகக் கழுவினாள்.

குழந்தைக்கு நான்கு மாதம். கழுத்தெல்லாம் வேர்க்குரு. சிமெண்ட் ஷீட் கூரைக்கடியில் கத்திரி வெயில் பச்சைப்பிள்ளை என்று பார்ப்பதில்லை.

"வெல ரெண்டாயிரந்தாங்க்கா. மிச்சம் வரி."

"சாருக்கு வரி இல்லீங்களா?"

"அவரும் கட்டுனாருங்க்கா. கம்பெனி நம்பர் குடுத்துப் பில் வாங்கிக்கிட்டாரு, அதனால கம்பெனி கட்டற வரியில இதக் கழிச்சுக்குவாரு. உங்களுக்கு நம்பர் இருக்குதுங்களா?"

பர்ஸிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் சிரித்தார்.

வரி என்பது சார் கட்டுவது. அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். பேப்பர் படிக்கும்போதெல்லாம் சார் அதைத்தானே சொல்வார். நாங்க கட்டற வரியில இவங்களுக்கெல்லாம் ஓசி. சொல்லிவிட்டு டீ டம்ளரை நீட்டுவார். இவங்க என்பது தன்னைத்தான் என்று தெரிந்தே அவள் வாங்கிக் கழுவுவாள். கொஞ்சம் கூச்சமாகக்கூட இருக்கும்.

மறுநாள் காலை பால்கனியில் ஊஞ்சலில் சார் இருந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இரண்டு தரம் கூட்டிய இடத்தையே கூட்டினாள். பிறகு கேட்டேவிட்டாள். உங்க கம்பெனி நம்பர்ல எனக்கும் ஒண்ணு வாங்கித் தாங்க சார், ரெண்டாயிரம் இருக்குது.

சார் கோபப்படவில்லை. பேப்பரை மடித்து வைத்தார். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அது தப்பும்மா. கம்பெனிக்குன்னு பில் போட்டு வீட்டுக்கு வாங்கறது கவர்மெண்ட்ட ஏமாத்தற வேல. வரின்னா ஏழை பணக்காரன் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

தன் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் பேரில் அவர் வாங்கிய விசிறி அவர் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் அதை நிமிர்ந்து பார்த்தாள். சாரும் பார்த்தார்.

"டீ ஆறிடுச்சு பாரு," என்றார்.

சூடு செய்து கொடுத்தாள்.

மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போதே குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பனியன் கம்பெனியில் இரவு ஷிப்ட் முடித்து வந்த கணவன் தனபால், கண் எரியக் குழந்தையை மடியில் போட்டு ஊதிக்கொண்டிருந்தான். வாயால் எவ்வளவு நேரம் ஊத முடியும்?

அவள் கையைப் பார்த்தான். வெறும் கை.

கட்டிலுக்கடியில் குழந்தையின் துணி வைத்திருந்த பெட்டியை இழுத்தாள். சார் வாங்கிய விசிறியின் காலிப் பெட்டி. குப்பையில் போடச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். நான்கு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து ஓசியில் வந்தது அது ஒன்றுதான்.

துணிகளைக் கொட்டினாள். மூடியை ஒரே இழுப்பில் கிழித்தாள். விசிறினாள்.

குழந்தை விசும்பி, அடங்கி, அட்டையைப் பார்த்தது.

அட்டையின் ஓரத்தில் பொடி ஆங்கில எழுத்துகள். விலை இருந்தது, அதே இரண்டாயிரத்து முந்நூற்று அறுபது. அதற்குக் கீழே ஒரு வரி. பத்தாவது வரை படித்தவள், கூட்டினால் வாசித்துவிடலாம். ஆனால் கை நின்றால்தான் எழுத்து நிற்கும்.

நிறுத்தினாள். குழந்தை வீறிட்டது.

மறுபடியும் ஆட்டினாள். அட்டை கண்ணருகே வரும்போது ஒரு சொல். போய்த் திரும்பும்போது இன்னொன்று. தமிழில் மாற்றிக் கோத்தாள்.

எல்லா.

வரிகளும்.

உட்பட.

"என்ன போட்டிருக்குது?" என்றான் தனபால்.

"ஒண்ணுமில்ல. நீ தூங்கு."

கை வலித்தது. மாற்றிக்கொண்டாள்.