தொட்டி கேட்கும் கேள்வி

தில்லைநாயகம் தனியாக இருந்த வீட்டில் மணிபிளாண்ட் இலைகள் கறுத்துக் குழைந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. செடி மருத்துவர் ஹசீனா வந்து அழுகிய இலைகளைக் கத்தரித்துவிட்டு, மண்ணைக் கிளறி வேரை முகர்ந்து பார்த்தாள்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை தண்ணி ஊத்துறீங்க சார்?”

“ஏழெட்டுத் தடவை இருக்கும்.”

“அதான் அழுகிடுச்சு. எதுக்கு இவ்ளோ?”

அவர் செடி இருந்த தொட்டியைப் பார்த்தார். அது பேசும் தொட்டி. தண்ணீர் விழும்போதெல்லாம், “நன்றி சார். நீங்க சாப்டீங்களா?” என்று கேட்கும். தண்ணீர் விழாவிட்டால் வாய் திறக்காது.

“இருபது நாளைக்கு ஒரு சொட்டுகூடக் காட்டாதீங்க. இல்லன்னா செத்துரும்,” என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

மறுநாள் மதியம் தில்லைநாயகம் தட்டைக் கழுவிக் கவிழ்த்தார். ஈரக் கையை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு தொட்டியருகே போய் நின்றார்.

“சாப்ட்டேன்,” என்றார்.