காரணத்துக்குக் கட்டம் இல்லை

தாளில் மொத்தம் நாற்பத்திரண்டு வரிகள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, பார்க்கலாம்.

முதல் வரியைப் படித்ததுமே ரொவீனாவுக்குக் காது சூடாகிவிட்டது. மூன்றாவதை இரண்டு முறை படித்தும் என்னவென்று பிடிபடவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் லொரெட்டா சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி, படப்பிடிப்புக்குப் பார்த்திருந்த வீட்டில் நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஒரு காலத்தில் அவளும் துணியில்லாமல் நடித்தவள்தான். இப்போது சாட்ஸ்வொர்த் ஊரில் அந்த மாதிரிப் படங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜென்ட்.

ரொவீனா வேலை பார்க்கிற தீவனக் கடையில்தான் லொரெட்டா தன் கிழட்டுக் குதிரைக்குப் புல்லுக்கட்டு வாங்குவாள். வரும்போதெல்லாம், இந்த அழகை வைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிறாயே என்று வம்புக்கு இழுப்பாள். ஆறு மாதமாகச் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்த ரொவீனா, இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே வந்து நின்றாள்.

சும்மா பார்க்கத்தான் வந்தேன் என்றாள். அது பொய்யில்லை. முப்பத்தோரு வயதுக்குள் அவள் பார்த்தது தீவனக் கடையும் வீடும்தான். இன்னொரு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று எட்டிப் பார்க்க ஆசை. பதினோரு வருஷமாகக் கூட வாழ்கிற புருஷன் டுவைட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் காரை விட்டே இறங்கியிருக்க மாட்டாள்.

லொரெட்டா எதையும் பூசி மெழுகவில்லை. வியாழக்கிழமை எடுக்கப்போகிற படத்திலிருந்து ஒருத்தி விலகிவிட்டாள், நாளைக் காலைக்குள் பதில் வேண்டும். படம் வெளியே போனால் போனதுதான், பேக்கர்ஸ்ஃபீல்டில் உன் அம்மா போகிற தேவாலயம் வரை போகும். அப்புறம் பண்டிகை நாளில் வான்கோழி விருந்துக்கு வாம்மா என்று கூப்பிட ஒரு நாதி இருக்காது. இவ்வளவையும் சொல்லிவிட்டுத்தான் தாளை நீட்டினாள்.

பல் டாக்டரிடம் போனால் தருகிற தாள் மாதிரியே இருந்தது. சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்டிருப்பார்களே. ரொவீனா மளமளவென்று டிக் அடித்து நீட்டினாள்.

லொரெட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

முடியைப் பிடித்து இழுப்பது: ஆம்.

கன்னத்தில் அறைவது: ஆம்.

கழுத்தில் கை வைத்து அழுத்துவது: ஆம்.

முத்தம்: இல்லை.

"புதுசுன்னு சொன்னே. கழுத்துக்கெல்லாம் ஆமான்னு போட்டுட்டு, முத்தத்துக்குப் போய் இல்லைங்கிறே. நல்ல கூத்தா இருக்கே கண்ணு."

ரொவீனா முழித்தாள்.

"இதெல்லாம் நமக்கு நடந்திருக்கான்னுதானே கேட்டிருக்கு?"

லொரெட்டாவின் வாயில் விதை அப்படியே நின்றுபோனது. இந்த அறையில் எத்தனையோ பேர் இந்தத் தாளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள், அழுதிருக்கிறார்கள், இரண்டு பேர் கிழித்தும் போட்டிருக்கிறார்கள். இப்படிப் புரிந்துகொண்டவள் ஒருத்தியும் இல்லை.

அவள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இழுப்பறையிலிருந்து புதுத் தாள் ஒன்றை எடுத்தாள்.

"இல்லடி. உனக்குச் சம்மதமான்னு கேட்டிருக்கு."

இல்லை என்று போட்டால் இல்லைதான் என்றாள். காலையில் ஆம் என்று போட்டு மதியம் மனசு மாறினாலும் இல்லைதான். கூட நடிக்கிறவன் கேமரா ஓடுவதற்கு முன்பு இதை ஒரு வரி விடாமல் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் யோக்கியர்கள் என்று சொல்ல மாட்டேன், மீறினவன் என் ஆட்களோடு மறுபடி நடித்ததில்லை, அவ்வளவுதான் என்றாள்.

இல்லை என்று போட்டால் காரணம் எழுத வேண்டுமா என்று ரொவீனா கேட்டாள்.

"காரணத்துக்கு இதுல கட்டமே இல்லியே."

ரொவீனா தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். உண்மைதான், இல்லை.

இந்த முறை மெதுவாக எழுதினாள். மூன்றாவது வரிக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வாயைப் பொத்திச் சிரித்து, பார்க்கலாம் என்று போட்டாள். முத்தத்துக்கு எதிரே ஆம் போட்டுவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்து என்றிருந்த வரி வந்தபோது, இல்லை என்று பேனாவை அழுத்தியதில் கட்டம் கிழிந்தே போனது.

அடியில் இரண்டு கோடுகள். ஒன்றில் கையெழுத்துப் போட்டாள். மற்றதில் 'உடன் நடிப்பவர்' என்று இருந்தது. அதன் மேல் ஒரு பெயரை எழுதி, எதிரே கையெழுத்துக்கு இடம் விட்டாள்.

லொரெட்டா தலையை நீட்டி அதைப் படித்தாள். டுவைட் என்று யாரும் நம்மிடம் இல்லையே என்றாள்.

ரொவீனா தாளை நாலாக மடித்து, தீவனக் கடைச் சட்டையின் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டாள்.

"என் புருஷன். இன்னிக்குச் சாயந்திரம் படிக்கக் குடுக்கப் போறேன். கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா, வியாழக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?"