மகாராஜா போட்ட பூட்டு

"எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டாத்தான் இந்தக் கம்ப்யூட்டர் ஓடும்மா. உள்ள இருக்கிற எதுவும் மிஞ்சாது" என்று கையை விரித்துவிட்டு, பழுது பார்க்க வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அச்சக முதலாளியம்மாவுக்குத் தலை சுற்றியது. ஒரு பள்ளிக்கூடத்தின் பாடப் புத்தகம் முழுதாக அதற்குள் கிடக்கிறது. இன்று சாயங்காலத்துக்குள் அச்சடித்துக் கொடுக்காவிட்டால் ஆர்டர் போச்சு. ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருக்கும் அச்சகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

எல்லாம் அந்த மகாராஜாவால் வந்த வினை. பக்கம் வடிவமைக்கிற ஆளுக்கு அச்சகத்தில் வைத்த பட்டப்பெயர் அது. 'இன்னொருத்தருக்கும் இந்த வேலையைச் சொல்லிக் குடுங்க' என்று ஒரு வார்த்தை கேட்டதற்கு, மனுஷன் கம்ப்யூட்டருக்குப் புதுப் பாஸ்வேர்ட் போட்டுவிட்டு வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். முதலாளியம்மாவே வீடு தேடி வந்து மன்னிப்பு கேட்டால்தான் சொல்வாராம்.

"போய்க் கேட்டுடுங்கம்மா. வேற வழி?" என்றார் அச்சு மெஷின் ஓட்டும் மெஷின்காரர்.

"அதுக்கு நான் கடையை மூடிட்டுப் போவேன்!"

சொல்லிவிட்டாளே ஒழிய, மெஷின்காரரின் வாடிய முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. இத்தனை பேர் பிழைப்பாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

"அம்மா, உள்ளே வரலாமா?"

வாசலில் ஒரு பெண், தோளில் கைப்பையோடு நின்றிருந்தாள்.

"இங்க கம்ப்யூட்டர் பூட்டிக் கிடக்குதாமே. நான் பார்க்கட்டுமா?"

"அதுக்குள்ள ஊர் பூரா பரவிடுச்சா?" முதலாளியம்மா எரிந்து விழுந்தாள். "கடையே வச்சு நடத்தறவர் கையை விரிச்சுட்டுப் போறார். நீ என்னம்மா பண்ணப் போற?"

"எதையும் அழிக்க மாட்டேம்மா. அதுக்கு நான் பொறுப்பு."

கெட்டது கெட்டாச்சு, இதையும்தான் பார்ப்போமே என்று நாற்காலியை நகர்த்திப் போட்டாள் முதலாளியம்மா.

அந்தப் பெண் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினாள். கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி போட்டு, ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"இத்தனூண்டு பென் டிரைவ் என்ன செய்யும்?"

"இதுக்குள்ள ஒரு முழுச் சிஸ்டமே இருக்கும்மா. அவர் பூட்டினது வாசக் கதவை. நாம வாசப் பக்கமே போகப் போறதில்லை."

திரை கறுத்தது. எழுத்துகள் சரசரவென்று ஓடின. மெல்ல ஒரு பச்சைத் திரை விரிந்தது. பாஸ்வேர்ட் கேட்கவே இல்லை! அந்தப் பெண் இங்கே ஒரு தட்டு, அங்கே ஒரு தட்டு. பள்ளிக்கூடத்தின் பெயரைத் தாங்கிய கோப்பு கண்முன்னே வந்து நின்றது. திறந்தால் முதல் பாடம், இரண்டாம் பாடம், படம், கணக்கு எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஐயோ, என் ராசாத்தி!" முதலாளியம்மா அவள் கன்னத்தைக் கிள்ளியேவிட்டாள். மெஷின்காரர் இளைஞனைப் போல் உள்ளே ஓடினார். கொஞ்ச நேரத்தில் மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. அச்சகம் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும்தான்.

"இதையெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"வீட்டுலதான். எங்க கம்ப்யூட்டருக்கும் பாஸ்வேர்ட் உண்டு. நான் தொட்டுடக் கூடாதாம். இந்தப் பென் டிரைவைப் போட்டுத்தான் தினமும் உட்காருவேன். பக்கம் வடிவமைக்கவும் அப்படியே பழகிட்டேன். உருவிட்டா தொட்ட தடமே தெரியாது."

"பிள்ளைங்க பூட்டி வச்சிருக்காங்களாக்கும்?"

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஆனா ரொம்ப அடம்."

முதலாளியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வடிவமைப்பும் தெரியுங்கிற. நாளைக்கே இங்க வேலைக்கு வந்துடறியா?"

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "அதைக் கேட்கத்தாம்மா வந்தேன். தயக்கமா இருந்துச்சு."

"அப்புறமென்ன! முதல்ல அந்த மகாராஜாவுக்குப் போன் போட்டு, 'உன் பாஸ்வேர்டை நீயே வச்சுக்கோ'ன்னு நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும்."

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்? நானே சொல்லிடறேன்."

அவள் தன் போனை எடுத்து எண்ணைத் தட்டினாள்.

"என்னங்க, வாசல்ல நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது போதும், உள்ள போங்க. முதலாளியம்மா மன்னிப்பு கேட்க வரலை. உங்க வேலையை எனக்குக் குடுத்துட்டாங்க. நாளையிலேர்ந்து சமையல் உங்க பொறுப்பு. பயப்படாதீங்க, அடுப்பங்கரைக்கு நான் பாஸ்வேர்ட் எதுவும் போடலை!"