மணிக்கூண்டும் வெறும் புல்லும்

பலகை எங்கயாவது பேசுமான்னு சிரிக்காதீங்க மாப்பிள்ளை, பேசுச்சு. நம்ம பொம்மை ரயில் கிளப்புக்காரங்க தண்டவாளம், ஊரு எல்லாத்தையும் துண்டு துண்டா பலகையில செஞ்சு வச்சிருக்காங்கல்ல? கண்காட்சி முடிஞ்சதும் ரெண்டு ரெண்டு பலகையா முகத்துக்கு முகம் பாக்க வச்சு, நடுவுல இடம் விட்டு, போல்ட்டு போட்டு வேன்ல ஏத்துவாங்க. என் தங்கச்சி பங்கஜமும்தான் அப்பளம் அடுக்கி அனுப்புவா, ஒண்ணுகூட முழுசா வந்ததில்ல, அது கிடக்கட்டும்.

ஸ்டேஷன் பலகையில நெட்டையா ஒரு மணிக்கூண்டு. அது இடிக்கக் கூடாதுன்னு எதிர்ல எப்பவும் வெறும் புல்வெளிப் பலகையத்தான் வைப்பாங்க.

"உன்னை எவன்டி நின்னு பாக்குறான்? ஒரு ஆட்டுக்குட்டி கூட இல்ல"ன்னு ஸ்டேஷன் சீண்டும்.

"எனக்கும் ஒரு மலை வரட்டும்க்கா, அப்புறம் பாரு"ன்னு புல்வெளி ஏங்கும்.

ஒருநாள் நெசமாவே அதுக்கு மலை செஞ்சு கொண்டாந்தாங்க. ஸ்டேஷனுக்குப் பகீர்னுச்சு.

"அடியே, உனக்கு மலை வந்தா வேன் ஏறி இறங்குற முதல் பள்ளத்துலயே என் மணிக்கூண்டு அதுல இடிச்சு முறிஞ்சிடுமே!"

பசை தடவி மலைய வச்சாங்க, ஒட்டல. இன்னும் தடவினாங்க, வழுக்கிட்டே வந்துச்சு. சலிச்சுப்போய் மலைய வேற பலகைக்குக் குடுத்துட்டாங்க.

அன்னிக்கு வேன் குலுங்கினப்ப ஸ்டேஷன் மெதுவா கேட்டுச்சு, "ஏன்டி ஒட்ட விடல?"

"நீ நிக்க இடம் வேணாமாக்கா?"

அடடா, தூறுதே! ஏ மல்லிகா, வேன்லேருந்து இறக்கி வெளியில வச்ச அந்த ஜோடிப் பலகை நனையுது பாரு. பிரிக்காம அப்படியே உள்ள கொண்டா!